கடைதிறப்பு: அரண்மனைகளும் மக்களும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் 'கடைதிறப்பு' என்பது ஓர் உறுப்பு. கடை என்பது வாயில். ஊடல் கொண்டு கதவை அடைத்திருக்கும் மகளிரை விளித்து, கலிங்கப் போரின் வெற்றியைப் பாட வந்திருப்பதாகச் சொல்லி, வாயிலைத் திறக்குமாறு வேண்டும் பாடல்களால் ஆனது அவ்வுறுப்பு. அந்நூலின் தலைவனாகிய முதற் குலோத்துங்கன் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன். அந்நகரின் மண் இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. ஆகவே, அடைத்த வாயிலின் முன் நின்று அதைத் திறக்க வேண்டும் மரபு இப்பகுதிக் கவிஞர்களுக்குப் புதியதன்று.

மன்னரும் ஜமீன்தாரும் வாழ்ந்த அரண்மனைகளைப் பொதுமக்கள் கண்டு வருமாறு திறந்துவிடலாமா என்னும் வினா அவ்வப்போது எழுவதுண்டு. 'அது அவரவர் வீடு. அதில் அயலார்க்கு என்ன உரிமை?' என்பர் ஒரு சாரார். 'மக்கள் வரியால் எழுந்த கட்டடம் மக்களுக்கே உரியது' என்பர் மறு சாரார். இரு சாராரும் பெரிதும் சென்னையையும் மைசூரையும் மனத்திற் கொண்டே வாதிடுகின்றனர். இவ்வினாவுக்குரிய விடை பெரம்பலூர், அரியலூர் மண்ணிலேயே மூன்று நிலைகளில் கிடக்கிறது. முற்றிலும் அழிந்து மேடாகிப்போன அரண்மனை ஒன்று. திறந்திருந்தும் பேசாத கோட்டை ஒன்று. இன்னும் வீடாகவே இருந்து காலத்தோடு போராடும் ஜமீன் மாளிகைகள் சில. இம்மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

கோயிலும் மேடும்

முதலாம் இராசேந்திரன் கி.பி. 1025-ஐ ஒட்டித் தன் தலைநகரைத் தஞ்சையிலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்திற்கு மாற்றினான். 1279-ஐ ஒட்டிச் சோழராட்சி முடிவுறும் வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள், அந்நகர் தலைநகராக விளங்கிற்று. அவன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழீச்சுரம் இன்றும் வான் தொட நிற்கின்றது. 2004-ஆம் ஆண்டில் அக்கோயில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. கோயிலிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில், உட்கோட்டை ஊரை ஒட்டி, மாளிகைமேடு என்னும் இடம் இருக்கின்றது. சோழப் பேரரசின் அரண்மனை அங்குதான் இருந்தது. கோயிலைக் காண வருவோரிற் பெரும்பாலோர் அவ்விடத்திற்குச் செல்வதில்லை. சென்றாலும் அவர்கள் காண்பது தரைமட்டத்திற்குக் கீழே அகழ்ந்து காட்டப்பட்ட செங்கற் சுவர்களின் அடிப்பகுதிகளையே.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980-களின் தொடக்கத்திலிருந்து அங்குப் பலமுறை அகழாய்வு நடத்தியுள்ளது. 2021 முதல் மீண்டும் அப்பணி தொடர்ந்தது. செங்கற் சுவர்களோடு கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பீங்கான் ஓடுகளும் தந்தப் பொருள்களும் வளையல் துண்டுகளும் வெளிப்பட்டன. ஓடுகளும் ஆணிகளும் அவ்வரண்மனையின் மேற்பகுதி மரத்தாலும் ஓட்டாலும் அமைந்திருந்ததை உணர்த்துகின்றன. கல்வெட்டுகளோ அதற்குச் 'சோழகேரளன் திருமாளிகை' எனப் பெயர் சொல்லி, அதன் கீழைப் படிக்கட்டு மண்டபத்தையும் மன்னன் வீற்றிருந்த இருக்கையின் பெயரையும் கூடக் குறிக்கின்றன. இருக்கைக்கும் பெயரிட்டு வழங்கிய அம்மாளிகையின் சுவர்கள், பிற்காலத்தே வீடு கட்டுவோர்க்குச் செங்கல் தரும் குழிகளாயின.

ஒரே மன்னன், ஒரே காலம், ஒரே நகர். கோயில் நின்றது, மாளிகை மறைந்தது. கோயில் கருங்கல்லால் ஆனது, மாளிகை செங்கல்லாலும் மரத்தாலும் ஆனது என்பது இதற்கு உரிய முதற்காரணம். அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது மட்டுமே காரணமன்று என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிகழ்ச்சியொன்று சான்றாகின்றது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் புறமதிற் கருங்கற்கள் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. ஊர்மக்கள் அதனைத் தடுக்க முயன்றனர் என்றும், அதற்காக அவர்கள் தண்டிக்கப்பட்டனர் என்றும், கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது என்றும் அந்நூற்றாண்டின் ஏடொன்று பதிவு செய்துள்ளது.

இங்கு ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. கோயில் மதிலுக்காக ஏழை மக்கள் அரசின் சினத்திற்கு ஆளாகவும் துணிந்தனர். மாளிகையின் செங்கலைத் தோண்டியபோது அவ்வாறு எவரும் எழுந்ததாகப் பதிவு இல்லை, தோண்டியவர்களே ஊர்மக்கள்தாம். கோயிலுக்குள் அவர்கள் சென்று வழிபட்டனர். விழாவில் அதன் வீதியில் நடந்தனர். அதைத் தமதென்று கொண்டனர். மாளிகைக்குள் அவர்களின் முன்னோர் நுழைந்ததே இல்லை. நுழையாத வீட்டின்மேல் பற்று எங்ஙனம் பிறக்கும்? மன்னன் இருந்தவரை காவலால் காக்கப்பட்ட மாளிகை, மன்னன் மறைந்தபின் காப்பாரின்றிச் செங்கற் குவியலாயிற்று. பலர் புழங்கிய இடத்தைப் பலர் காப்பர் என்பதே அவ்விரண்டு கிலோமீட்டர்த் தொலைவு கற்பிக்கும் பாடம். திறப்பதால் அரண்மனை கெடும் என்று அஞ்சுவோர், திறவாததால் கெட்ட இவ்வரண்மனையை ஒருமுறை சென்று காணுதல் வேண்டும்.

புலவர் நுழைந்த வாயில்

பண்டைத் தமிழ் இலக்கியத்தில் அரண்மனை வாயில் வெறும் கட்டட உறுப்பாக வருவதில்லை. அரசனின் தகுதியை அளக்கும் கோலாகவே அது வருகின்றது. சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் புகழுமிடத்து, பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அவன் வாயில் அடைக்கப்படுவதில்லை என்று சிறப்பிக்கின்றது. பரிசில் நீட்டித்த அதியமானின் வாயிலில் நின்று ஔவையார் வாயிற்காவலனை விளித்துப் பாடிய பாட்டு புறநானூற்றில் உள்ளது. களைப்பு மிகுதியால் முரசுகட்டிலின்மேல் அறியாது உறங்கிவிட்ட மோசிகீரனாருக்குச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசி நின்றதையும் அந்நூலே கூறுகின்றது. அரண்மனையின் மிகப் புனிதமான பொருளின்மீது ஒரு புலவர் துயில முடிந்தது. கண்ணகி கோவலன் பொருட்டு நீதி கேட்கச் சென்றதும் வாயிற்காவலன் வழியாகவே. அவளை உள்ளே விட்டதனாலேயே பாண்டியனின் நீதியும், நீதி தவறியதை அறிந்தவுடன் உயிர்விட்ட அவன் மாண்பும் உலகறியலாயின.

இவற்றினும் வியப்பான செய்தி திருவெள்ளறைக் கல்வெட்டில் உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழநாட்டின் மீது படையெடுத்து மாடங்களையும் மண்டபங்களையும் தகர்த்தான். தூண் பறிக்கப்படாத மாளிகை சோழநாட்டில் இல்லை என்னும்படி அழிவு நேர்ந்தபோது, பதினாறு தூண்களையுடைய ஒரு மண்டபத்தை மட்டும் அவன் விட்டுவைத்தான். பட்டினப்பாலை பாடியதற்காகக் கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்கு உரியதாய் அமைந்த மண்டபம் அது என்பதே காரணம். அரசர்களின் மாளிகைகளை மதிலும் படையும் காக்கவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு பாட்டு ஒரு மண்டபத்தைக் காத்தது. அது ஒரு மன்னனின் உடைமை என்ற நிலை மாறி, தமிழ் கற்றோர் அனைவரின் உடைமை என்ற நிலையை எய்தியிருந்தமையாற்றான் பகைவனின் கையும் தயங்கியது.

எனினும் இலக்கியம் காட்டும் இவ்வாயில்களின் எல்லையையும் மறைத்தல் கூடாது. அவை புலவர்க்கும் பொருநர்க்கும் திறந்தன; முறையிட வந்தோர்க்குத் திறந்தன. ஏர் உழுதவனும் மண் சுமந்தவளும் வேடிக்கை பார்க்கும் பொருட்டு உள்ளே சென்றதாக எந்தப் பாட்டும் கூறவில்லை. ஆகவே இன்று அரண்மனைகளைத் திறக்குமாறு வேண்டுவோர் பழைய மரபை மீட்பதாக மட்டும் சொல்லிக்கொள்ள இயலாது. புலவர் ஒருவர்க்கு இருந்த உரிமையை ஊரார் அனைவர்க்கும் ஆக்குவதே இக்காலத்தின் கடமை.

காட்டின் நடுவே ஒரு புகலிடம்

அழிந்த மாளிகையை விட்டு, இன்னும் வீடாக விளங்கும் மாளிகைகளுக்கு வரலாம். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து சயங்கொண்டம் வழியே மேற்கு நோக்கி வந்தால் உடையார்பாளையம். அதற்கும் அப்பால் அரியலூர். உடையார்பாளையத்தை ஆண்டோர் தம் பெயர்களின் முன்னே 'கச்சி' என்னும் காஞ்சியின் பெயரைத் தாங்கியவர்கள். அரியலூரை ஆண்டோர் மழவராயர் எனப்பட்டனர். ஔரங்கசீப்பின் படைகள் தெற்கே வந்த 1688-ஐ ஒட்டிய காலத்தில் காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாளின் திருமேனி மறைவாகக் கொண்டுவரப்பெற்று, உடையார்பாளையத்துக் காட்டில் அடைக்கலம் பெற்றது. 1710-இல் தோடர்மல் என்பாரின் உதவியோடு அது மீண்டும் காஞ்சி சேர்ந்தது என அக்கோயிற் கல்வெட்டுக் கூறுகின்றது. ஒரு பெருநகரின் தெய்வத்திற்கு ஒரு காட்டுப் பாளையம் புகலிடம் தந்த வரலாறு இது. புகலிடம் தருவதே ஓர் அரண்மனையின் தலையாய தொழில் என்று கொள்வதாயின், உடையார்பாளையம் அத்தொழிலை நன்கு செய்திருக்கின்றது.

இசைக்கும் தமிழுக்கும் அப்பாளையம் அளித்த இடம் இவ்வவையினர் அறியாததன்று. தஞ்சை அரசவைக்கு வந்த பொப்பிலி கேசவையாவின் கன மார்க்கத்தைப் பயின்று தேர்ந்தமையால் 'கனம்' என்னும் அடையைப் பெற்ற கிருஷ்ணையர், உடையார்பாளையம் ஜமீன்தார்களின் ஆதரவில் வாழ்ந்து பதங்கள் இயற்றினார். அவரிடம் இசை பயின்றவர் வேங்கடசுப்பையர். அவருடைய மைந்தரே உ.வே. சாமிநாதையர். தந்தையார் அரியலூர் ஜமீனின் ஆதரவில் சிலகாலம் இருந்தமையால், 1855-இல் பிறந்த சாமிநாதையரின் இளமைக் கல்வி இவ்வட்டாரத்திலேயே நிகழ்ந்தது. அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என இம்மண்ணின் ஆசிரியர்கள் பலரிடம் பயின்ற பின்னரே அவர் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார். ஜமீன் ஒன்றின் வருவாய் குன்றினால் அதனை நம்பிய வித்துவானின் குடும்பம் எவ்வாறு ஊர் ஊராகப் பெயர வேண்டியிருந்தது என்பதையும் 'என் சரித்திரம்' ஒளிவின்றிக் காட்டுகின்றது.

1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் நிலம் உழுதவர்க்கு உரிமை வந்தது. அது வரவேற்கத்தக்கதே, அதனால் எத்தனையோ குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. ஆனால் அச்சட்டத்தின் விளைவாகத் தமிழகமெங்கும் ஒரு விந்தையான நிலை தோன்றியது. வருவாய் போயிற்று, வருவாயை நம்பிக் கட்டிய வீடு மட்டும் குடும்பத்திடம் நின்றது. பிரான்சில் புரட்சி நிகழ்ந்து 1793-இல் லூவர் அரண்மனை மக்களுக்கான காட்சிக்கூடமாயிற்று. சீனத்தில் பேரரசு வீழ்ந்து, பீக்கிங் அரண்மனை 1925-இல் அருங்காட்சியகமாயிற்று. அங்கெல்லாம் அரசும் போயிற்று, அரண்மனையும் பொதுவாயிற்று. இங்கோ அரசு போன பிறகும் அரண்மனை தனியார் வீடாகவே எஞ்சியது. நூறு தூண் கொண்ட கூடத்தின் ஓட்டை மாற்றுவதற்கு ஓர் ஊரின் வரி வேண்டும். ஒரு குடும்பத்தின் மாத வருவாய் அதற்கு எம்மட்டு? ஆகவே இம்மாளிகைகள் சிதைவதைக் கண்டு உரியவர்களைக் குறைகூறுவோர், அவர்கள் சுமப்பது எத்தகைய சுமை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

திறந்தும் பேசாத கோட்டை

'அப்படியானால் அரசே எடுத்துக்கொண்டு திறந்துவிட்டால் போதாதா?' என்று கேட்கலாம். அதற்கு விடையாகப் பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையை ஒட்டி இரஞ்சன்குடிக் கோட்டை நிற்கின்றது. கர்நாடக நவாபின் ஆட்சிக்கு உட்பட்ட ஜாகீர்தார் ஒருவரால் கட்டப்பெற்றதாகக் கருதப்படும் இக்கோட்டை, அகழியும் அடுக்கடுக்கான மதில்களும், உள்ளே மாளிகைப் பகுதியும் நிலவறைகளும் உடையது. 1751-இல் ஆங்கிலேயர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் இடையே நிகழ்ந்த வாலிகண்டபுரப் போரோடு தொடர்புடையது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் எவரும் சென்று காணலாம்.

காண்பது எதை? வந்தவர் மதில்மேல் ஏறுகின்றனர், காற்று வாங்குகின்றனர், நிழற்படம் எடுக்கின்றனர், சுவரிற் பெயர் கீறுவோரும் உளர். எந்த அறை எதற்கானது, நீர் எங்கிருந்து வந்தது, எத்தனை பேர் இங்கு உண்டனர், யார் சமைத்தனர், போர்நாளில் பேட்டையிலிருந்த மக்கள் எங்கே சென்றனர் என்னும் வினாக்கள் எழுவதும் இல்லை, எழுந்தால் விடை சொல்வாரும் அரியர். சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே நாள்தோறும் பேருந்தில் கடப்போர் எத்தனை ஆயிரம் பேர்! சன்னல் வழியே கோட்டையைப் பார்த்து, 'ஏதோ ஒரு கோட்டை' என்று சொல்லித் தலையைத் திருப்பிக்கொள்கின்றனர். கதவு திறந்துவிட்டது; கடைதிறப்பு நிகழவில்லை. பொருள் தெரியாத ஓலைச்சுவடியைக் கண்ணாடிப் பேழையுள் வைத்துக் காட்டுவதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

மூன்று தடைகள்

அரண்மனைகளைத் திறப்பதற்குச் சொல்லப்படும் தடைகள் மூன்று. அவற்றைத் தனித்தனியே ஆராய்தல் தகும்.

முதலாவது, குடியிருப்போரின் உரிமை. இது நேர்மையான தடை. பிறர் வீட்டின் அடுப்படிக்குள் புகுந்து பார்க்க எவர்க்கும் உரிமை இல்லை. முன்னோர் அரசராயிருந்தமையால் பேரன் தன் வீட்டு அமைதியை இழக்க வேண்டும் என்பது அறமாகாது. ஆனால் திறப்பது என்றால் எல்லாக் கதவையும் எந்நாளும் திறப்பது என்று பொருளில்லை. இலண்டனில் அரச குடும்பம் வாழும் பக்கிங்காம் அரண்மனையின் அரசவைக் கூடங்கள் 1993-ஆம் ஆண்டு கோடையில் முதன்முறையாகப் பொதுமக்களுக்குக் கட்டணத்தோடு திறக்கப்பட்டன. முந்திய ஆண்டு தீக்கு இரையான வின்சர் கோட்டையைச் செப்பனிடப் பொருள் தேவைப்பட்டதே உடனடிக் காரணம். அரசியார் அங்கு இல்லாத மாதங்களில், சில கூடங்கள் மட்டும் என்பது ஏற்பாடு. உலகப் புகழ் வாய்ந்த அரச குடும்பமே கூரையைச் செப்பனிட மக்களின் நுழைவுச் சீட்டை நாடியபோது, உடையார்பாளையத்தில் ஒரு குடும்பம் அவ்வாறு செய்வதில் தாழ்வு ஒன்றுமில்லை. இந்தியாவிலும் இதற்கு வழி உண்டு. தொன்மைச் சின்னங்கள் பற்றிய 1958-ஆம் ஆண்டின் மையச் சட்டம், நாட்டளவில் சிறப்புடைய சின்னம் தனியார் உடைமையாக இருக்குமிடத்து, உரிமையாளரோடு உடன்படிக்கை செய்துகொள்ள இடமளிக்கின்றது. உடைமை அவரிடமே இருக்கும்; பராமரிப்பு, நுழைவுக் கட்டணம், பொதுமக்கள் வந்து காணும் வசதி ஆகியன உடன்படிக்கையில் வரையறுக்கப்படும். இதே முறையை ஜமீன் மாளிகைகளுக்கும் பின்பற்றலாம். பறிப்பதும் வேண்டா, கைவிடுவதும் வேண்டா. இரண்டுக்கும் இடையே உடன்பாடு என்னும் வழி இருக்கின்றது.

இரண்டாவது, கூட்டத்தால் கட்டடம் கெடும் என்பது. மாளிகைமேடு இதற்குப் பாதி விடை சொல்லிவிட்டது. மறுபாதியைப் பத்மநாபபுரம் சொல்லும். திருவிதாங்கூர் மன்னர்களின் அம்மரமாளிகை, 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபின் தமிழக மண்ணில் நிற்கின்றது. பராமரிப்பதோ கேரள அரசு. நாள்தோறும் கூட்டம் வருகின்றது. தேக்கும் பலாவும் கெடவில்லை. மெழுகிய தரை பளிங்கு போல் மின்னுகின்றது. மக்கள் வருவதனாலேயே தரை நாள்தோறும் துடைக்கப்படுகின்றது. ஆள் புழங்காத வீட்டிற்குள் கரையானும் வௌவாலும் புழங்கும் என்பது நாட்டுப்புறத்தார் அனைவரும் அறிந்ததே.

மூன்றாவது தடையே ஆழமானது. 'ஜமீன் வாயிலில் கைகட்டி நின்ற உழவனின் பேரன், காசு கொடுத்து அதே வாயிலைப் பார்த்து வியக்க வேண்டுமா? அடக்குமுறைக்கு விளம்பரமா?' என்பது முற்போக்குக் கவிஞர் பலரின் வினா. வினா நியாயமானது. ஆனால் அதற்கு உரிய விடை வாயிலை மூடி வைப்பதன்று. உள்ளே இருந்ததை முழுமையாகக் காட்டுவதே விடை. அரியணையையும் பல்லக்கையும் மட்டும் காட்டினால் அது விளம்பரம். நெற்களஞ்சியத்தையும் வரிக் கணக்கையும் கட்டிவைத்த தூணையும் சமையற்கட்டையும் சேர்த்துக் காட்டினால் அது வரலாறு. பத்மநாபபுரத்தில் அரச மண்டபத்தை மட்டுமன்றி, நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே அமர்ந்து உண்ட நீண்ட ஊட்டுபுரையையும் காட்டுகின்றனர். அதைக் கண்டவர் மனத்தில் 'இத்தனை பேர்க்குச் சோறு எங்கிருந்து வந்தது?' என்னும் கேள்வி தானே எழும்.

இவ்விடத்தில் சயங்கொண்டாரை மீண்டும் நினைக்க வேண்டியுள்ளது. கடைதிறப்பில் அவர் விளிக்கும் மகளிருள், பாண்டியர் தோற்றோடியபின் சோழரின் வேளம் புகுந்த மகளிரும் உளர். வேளம் என்பது அரண்மனைப் பணிமகளிரின் குடியிருப்பு. போரில் சிறைபிடிக்கப்பட்டோரும் அங்குச் சேர்க்கப்பட்டனர். வெற்றியைப் பாட வந்த பரணி, அவ்வெற்றியால் சிறைப்பட்டோரின் கதவையும் தட்டிவிட்டே செல்கின்றது. மாளிகைமேட்டில் கிடைத்த வளையல் துண்டுகளைக் காண்போர்க்கு அவை அரசியின் வளையல் என்றே தோன்றக்கூடும். வேளத்துப் பெண் ஒருத்தியின் கையினதாகவும் அவை இருக்கலாம். அவள் பெயர் எந்த மெய்க்கீர்த்தியிலும் இல்லை. அரண்மனையைத் திறப்பது அரசனின் பெருமையைத் திறப்பது மட்டுமானால், அவள் இன்னொரு முறையும் அடைக்கப்படுவாள்.

வட்டத்தின் பணி

திறக்க வேண்டும் என்பது முடிவாயின், அதில் இலக்கிய வட்டத்திற்கு என்ன வேலை? கட்டடத்தைச் செப்பனிடுதல் பொறியாளரின் வேலை. உடன்படிக்கை செய்தல் அரசின் வேலை. திறந்த வாயிலுக்குள் நுழைவோர்க்குச் சொல்லத்தக்க சொல்லைத் தேடித் தருதல் புலமையாளரின் வேலை. தஞ்சை இதற்கு வழிகாட்டியது. மராட்டிய மன்னர்களின் அரண்மனைக்குள் இருந்த சரசுவதி மகால் நூல்நிலையம் 1918-இல் பொதுமக்களுக்குரியதாயிற்று. அரண்மனையின் அறைகளுள் முதலில் திறக்கப்பட வேண்டியது ஆயுதசாலையா, ஏட்டறையா என்று கேட்டால், தமிழ் கற்றோர் சொல்லும் விடை ஐயத்திற்கு இடமற்றது.

இப்பகுதியில் செய்யத்தக்கவை சில உண்டு. ஜமீன் குடும்பத்தாரை அணுகி, அவர்களிடம் எஞ்சியுள்ள ஏடுகள், கடிதங்கள், கணக்குச் சுவடிகள் ஆகியவற்றைப் படியெடுக்க இசைவு பெறுதல் ஒன்று. மூலத்தை எடுத்துச் செல்லாமல் படி மட்டும் எடுத்தால், மறுப்போர் அரியர். மாளிகைகளைச் சுற்றி வாழும் முதியோரிடம், அவர்தம் பெற்றோர் அங்குச் செய்த வேலை, பெற்ற கூலி, கேட்ட பாட்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதுதல் இரண்டாவது. அவர்கள் மறைந்தபின் அவ்வறிவைத் தோண்டியெடுக்க எந்த அகழாய்வாலும் இயலாது. இரஞ்சன்குடிக்கும் மாளிகைமேட்டிற்கும் பள்ளி மாணவரை அழைத்துச் சென்று, நல்ல தமிழில், பிழையற்ற செய்தியோடு விளக்கும் தொண்டர் குழு ஒன்றை அமைத்தல் மூன்றாவது. சாமிநாதையர் இளமையிற் பயின்ற அரியலூர், குன்னம், செங்கணம் ஆகிய ஊர்களையும் உடையார்பாளையத்தையும் இணைத்து ஆண்டுக்கொரு முறை இலக்கிய நடைப்பயணம் மேற்கொள்ளுதல் நான்காவது. இவற்றுக்கு அரசின் ஆணை தேவையில்லை. பெரும் பொருளும் தேவையில்லை.

பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமாயிற்று. அதனின்று பிரிந்து 2001-இல் தோன்றி, மறு ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்ட அரியலூர், 2007-இல் தனி மாவட்டமாக நிலைபெற்றது. எல்லைகள் இவ்வாறு வரையப்படும், அழிக்கப்படும், மீண்டும் வரையப்படும். சோழனின் தலைநகர் இன்று ஒரு சிற்றூர்.  மாறாமல் எஞ்சுவது மக்கள் தமதெனக் கொண்டது மட்டுமே. பகைவனும் தகர்க்கத் துணியாத பதினாறுகால் மண்டபத்தைப் போல, ஊரார் தமதெனக் கொண்ட கூடத்திற்கு அழிவு எளிதில் நேராது.

மாளிகைமேட்டிற்கு இன்று காவல் வாயில் இல்லை, கட்டியங்காரன் இல்லை, யாரும் யாரையும் கேட்காமல் உள்ளே நுழையலாம். நுழைந்தால் பார்க்க எஞ்சியிருப்பது அடிச்சுவர். உடையார்பாளையத்திலும் அரியலூரிலும் இன்னும் கூரை இருக்கின்றது, கதவு இருக்கின்றது, திறப்பதற்கு உள்ளே ஆளும் இருக்கின்றார். வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டியவர்கள் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றனர். பத்தாண்டுகளைக் கடந்த இவ்வட்டம், இன்னும் பத்தாண்டு கழித்து விழா எடுக்கும்போது, அவ்வாயில்களில் ஒன்றேனும் திறந்திருக்குமாக.